கோழிக்கோட்டு வலி நிவாரணச் சங்கம் எப்படி உருவானது? எங்கள் ஊரில் அப்படி ஒன்று நடத்த முடியுமா?

கோழிக்கோட்டில் பொதுமக்களின் நன்கொடையில் நடக்கும் வலி நிவாரண, நோய் ஆதரவுச் சங்கத்தை யார், எப்போது, எப்படித் தொடங்கினார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அத்துடன், உங்கள் ஊர் அறக்கட்டளை ஒன்றிடம் கொஞ்சம் நிலம் இருப்பதாகவும், குணமாக்க முடியாத நோயாளிகள் தங்கள் கடைசி நாட்களைக் கழிக்க அதில் ஓர் இல்லம் கட்ட விரும்புவதாகவும், அதற்குக் கோழிக்கோட்டை முன்மாதிரியாகக் கொள்ளலாமா என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆகவே, இத்தகைய பணியில் எதை முதலில் செய்ய வேண்டும் என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். கோழிக்கோட்டின் வரலாறு அதற்குத் தெளிவாகவே பதில் சொல்கிறது. அங்கே கட்டடம் முதலில் வரவில்லை. மருந்து முதலில் வந்தது, அதன்பின் வீடு தேடிச் செல்லும் வழக்கம் வந்தது, அதன்பின் ஊர் மக்கள் வந்தார்கள்.

நான் மயக்க மருந்தியல் படித்தவன். மாவட்ட மருத்துவமனை ஒன்றில் பல ஆண்டுகளாக வலிப் பிரிவைக் கவனித்து வருகிறேன், நோயைக் குணமாக்க முடியாதபோதும் வலியையும் துன்பத்தையும் தணிக்கும் நோய் ஆதரவுச் சிகிச்சைக்கான (பாலியேட்டிவ் கேர்) பயிற்சியைக் கோழிக்கோட்டில் பெற்றவர்களில் ஒருவன். சங்கம் தொடங்கிய காலத்தில் நான் அங்கே இல்லை. எனவே தொடக்க ஆண்டுகளைப் பற்றி நான் எழுதுபவை, அதைத் தொடங்கியவர்கள் பொதுவெளியில் பலமுறை சொன்னவையும் எழுதியவையும் ஆகும். பின்னாளில் வந்த முறைகளைப் பற்றி எழுதுவதில் என் சொந்த அனுபவமும் கலந்திருக்கும். நான் பார்ப்பது மருத்துவரின் பக்கத்திலிருந்து என்பதையும் சொல்லிவிட வேண்டும். வீட்டில் இரவெல்லாம் விழித்திருந்து நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் மனைவியோ மகளோ மருமகளோ இதே வரலாற்றை எழுதினால், அழுத்தம் வேறு இடங்களில் விழும்.

ஹாஸ்பிஸ், அதாவது குணமாக்க முடியாத நோயாளிகளைக் கடைசி நாட்களில் பார்த்துக்கொள்ளும் இல்லம், என்றவுடன் நம்மில் பலருக்கும் ஓர் அமைதியான கட்டடம் நினைவுக்கு வருவதற்குக் காரணம் உண்டு. இத்துறையின் நவீன வடிவத்தை உருவாக்கிய சிசிலி சாண்டர்ஸ், லண்டனின் தென்பகுதியில் 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் திறந்தார். செவிலியராகவும் மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் வேலை பார்த்துவிட்டு, அதன்பின் மருத்துவம் படித்தவர் அவர். 1948இல் இறந்த டேவிட் டாஸ்மா என்ற போலந்து யூத நோயாளி, சாண்டர்ஸ் கட்டப்போகும் இல்லத்தில் ஒரு சன்னலாக இருக்கட்டும் என்று 500 பவுண்டு விட்டுச் சென்றார். அந்தத் தொகையிலிருந்து இல்லம் எழும்ப ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிடித்தன. இந்தியாவில் முதல் ஹாஸ்பிஸ் மும்பை பாந்த்ராவில் 1986இல் தொடங்கிய சாந்தி அவேத்னா. புற்றுநோய் அறுவைச் சிகிச்சை மருத்துவரான டிசூசா அதை நிறுவினார். இவை இரண்டும் கட்டடத்தை மையமாகக் கொண்டு வளர்ந்த முயற்சிகள். ஆனாலும் செயின்ட் கிறிஸ்டோபர்ஸே திறந்து இரண்டு ஆண்டுகளுக்குள், 1969இல், வீட்டுக்குச் சென்று கவனிக்கும் குழுவைத் தொடங்கியது என்பதைக் கட்டடத்தை மட்டும் நினைப்பவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

கோழிக்கோட்டில் அப்படிக் கட்டிக்கொண்டு தொடங்கப் பணமும் இல்லை, இடமும் இல்லை. அங்கே இருந்தது 1957இல் தொடங்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி. மலப்புறம், வயநாடு, கண்ணூர், காசர்கோடு என்று மலபார்ப் பகுதி முழுவதிலிருந்தும் ஏழை நோயாளிகள் வந்து சேரும் இடம் அது. புற்றுநோய் முற்றிய நிலையில் வருபவர்கள் ஏராளம். குணமாக்க இனி வழியில்லை என்று தெரிந்ததும் அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவதே அப்போது எங்கும் இருந்த வழக்கம். வீட்டுக்குப் போனவர்களின் வலிக்கு என்ன செய்வது என்பது யாருடைய பொறுப்பாகவும் இல்லை.

அந்தக் கல்லூரியில் மயக்க மருந்தியல் பேராசிரியராக இருந்தவர் எம்.ஆர். ராஜகோபால். நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசிகளால் வலியைக் குறைப்பதில் அவருக்கு ஈடுபாடு இருந்தது. தம்மை மாற்றிய நிகழ்ச்சி என்று அவர் பலமுறை பேசியிருப்பது ஒரு கல்லூரி ஆசிரியரைப் பற்றியது. புற்றுநோயால் கடும் வலியோடு வந்த அவருக்கு ஊசி போட்டதும் வலி அடங்கியது. மறுபடியும் எப்போது வர வேண்டும் என்று அவர் கேட்டபோது, இனி வரத் தேவையில்லை, இது வலிக்கான சிகிச்சைதான், நோயைக் குணமாக்க முடியாது என்று ராஜகோபால் பதில் சொல்லிவிட்டார். தம் நோய் தீராது என்பது அந்த நோயாளிக்கு அந்தக் கணம் வரை தெரியாது. வீடு திரும்பிய அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். நரம்பைப் பார்த்தவர் மனிதரைப் பார்க்கத் தவறிவிட்டார் என்ற அந்த உணர்வு, பின்னால் சங்கம் எடுத்த ஒவ்வொரு முடிவிலும் இருக்கிறது. அங்கே புதிய நோயாளி வந்தால், அவருக்கு என்ன தெரியும், என்ன தெரிந்துகொள்ள விரும்புகிறார், வீட்டில் யார் இருக்கிறார்கள், எதை நினைத்து அஞ்சுகிறார் என்பனவற்றைக் கேட்ட பிறகே மருந்துச் சீட்டு எழுதக் கற்றுக்கொடுப்பார்கள். முற்றிய நோயின் வலியில் உடல், மனம், குடும்பம், நம்பிக்கை எல்லாம் பின்னிக் கிடக்கின்றன என்று சாண்டர்ஸ் சொன்னதை இங்கே ஒரு மரணத்தின் விலையில் கற்றார்கள்.

அந்த ஆண்டுகளில் கில்லி பர்ன் என்ற பிரிட்டிஷ் செவிலியர் இந்தியாவில் ஊர் ஊராகச் சென்று நோய் ஆதரவுச் சிகிச்சை பற்றி வகுப்பு எடுத்து வந்தார். ராஜகோபாலுக்கு இத்துறையின் முறையான அறிமுகம் அவர் வழியாகவே கிடைத்தது. 1993இல் ராஜகோபாலும், அதே துறையைச் சேர்ந்த கே. சுரேஷ்குமாரும், மருத்துவர் அல்லாத நண்பர்களும் சேர்ந்து வலி நிவாரண, நோய் ஆதரவுச் சங்கத்தைப் பதிவு செய்தார்கள். மருத்துவக் கல்லூரி வளாகத்தில் கிடைத்த ஒற்றை அறையில் புறநோயாளிப் பிரிவு தொடங்கியது. இடம் அரசுடையது. மருந்துக்கும் ஆட்களுக்கும் வேண்டிய பணத்தைச் சங்கம் திரட்டியது. அரசு மருத்துவமனைக்குள் ஒரு தொண்டு அமைப்பு தன் பணியை நடத்துவது என்ற அந்த ஏற்பாட்டின் முக்கியத்துவத்தை நான் மிகவும் வலியுறுத்துவேன். நோயாளி வேறோர் இடத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை, சங்கம் வாடகைக்கும் கட்டடத்துக்கும் அலைய வேண்டியதில்லை, மருத்துவ மாணவர்களும் இந்தப் பணியைக் கண்ணெதிரே பார்த்தார்கள்.

அந்த அறையில் நடந்த சிகிச்சையின் நடுவே இருந்தது வாய்வழி மார்ஃபின், அபினியிலிருந்து எடுக்கப்படும் வலுவான வலி மருந்து. உலக சுகாதார நிறுவனம் 1986இல் வெளியிட்ட மூன்று படி முறைப்படி, சாதாரண வலி மருந்துகள் பயன்படாதபோது வலிமை குறைந்த அபினி வகை மருந்துகளான இரண்டாம் படிக்கும், அதுவும் போதாதபோது மார்ஃபினுக்கும் செல்ல வேண்டும். சாதாரண மார்ஃபின் மாத்திரையின் வேலை ஏறத்தாழ நான்கு மணி நேரம் நிற்கும். ஆகவே வலி வந்த பிறகு கொடுக்காமல், நேரம் பார்த்து நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுக்க வேண்டும். இரவில் எழுப்பாமல் இருப்பதற்காகப் படுக்கும்போது இரட்டை அளவு கொடுப்பது வழக்கம். மார்ஃபின் தொடங்கினால் மலச்சிக்கல் ஏறக்குறைய நிச்சயம் என்பதால் மலமிளக்கியும் கூடவே எழுதப்பட வேண்டும், முதல் சில நாட்களுக்கு வாந்தியைத் தடுக்கும் மருந்தும் தேவைப்படலாம். இவ்வளவுதான் நுட்பம். மலிவான மாத்திரை, ஒரு கடிகாரம், எழுதிக்கொடுத்ததைப் புரியும்படி சொல்லும் ஒருவர். வலி அடங்கி உறங்கி எழுந்த நோயாளி மறுமுறை வரும்போது முகமே மாறியிருக்கும். என் வேலையில் இதைவிட நிறைவு தரும் காட்சியை நான் கண்டதில்லை.

ஆனால் அந்த மாத்திரைதான் கிடைக்கவில்லை. 1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கடுமையான தண்டனைகளை விதித்தது. எழுத்துப் பிழைக்கும் சிறை வந்துவிடுமோ என்று மருந்தாளுநர்கள் அஞ்சினார்கள். மார்ஃபினை வாங்கவும், ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுவரவும், வைத்திருக்கவும் தனித்தனி உரிமங்கள் வேண்டும். அவற்றை வெவ்வேறு துறைகள் தரும். எல்லா உரிமங்களும் ஒரே நேரத்தில் காலாவதியாகாமல் கையில் இருக்க வேண்டும். விளைவாக, நாட்டில் மருத்துவத்துக்காகப் பயன்பட்ட மார்ஃபின் 1985இல் சில நூறு கிலோவாக இருந்தது, 1997இல் வெறும் 18 கிலோ அளவுக்குச் சரிந்தது. இத்தனைக்கும் சட்டபூர்வமாக அபினி பயிரிட்டு உலகுக்கே ஏற்றுமதி செய்யும் நாடு இது. காசிப்பூரிலும் நீமச்சிலும் அரசின் ஆலைகள் இயங்கிக்கொண்டிருந்தன. மத்தியப் பிரதேசத்து வயலில் விளைந்தது வெளிநாட்டு நோயாளியின் வலியைத் தணித்தது, உள்நாட்டு நோயாளி கத்திக்கொண்டே இறந்தார்.

இந்த இடத்தில் சங்கம் செய்த வேலை, என் மதிப்பீட்டில், அதன் எல்லாப் பணிகளிலும் பெரியது. உரிமங்களைப் பொறுமையாகப் பெற்று, வந்த ஒவ்வொரு மாத்திரைக்கும் கணக்கு வைத்து, நோயாளிகள் வீட்டுக்கே மார்ஃபினைக் கொடுத்தனுப்பியது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வலி மருந்துக் கொள்கையை ஆராய்ந்த டேவிட் ஜோரன்சனோடு சேர்ந்து, அந்தக் கணக்கையே சான்றாக்கியது. 1,723 நோயாளிகளுக்கு இரண்டு ஆண்டுகளில் பெரும்பாலும் வீட்டிலேயே வாய்வழி மார்ஃபின் கொடுத்ததில், மருந்து தவறாகப் பயன்பட்டதாகவோ வெளியே விற்கப்பட்டதாகவோ ஒரு நிகழ்வும் கண்டறியப்படவில்லை என்ற ஆய்வு 2001இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அதற்கு முன்பே, விதிகளை எளிதாக்கும்படி 1998இல் மத்திய அரசு மாநிலங்களுக்கு மாதிரி விதிகளை அனுப்பியிருந்தது. கேரளம் அதை முன்னதாக ஏற்ற மாநிலங்களுள் ஒன்று. பல மாநிலங்கள் அசையவே இல்லை. கடைசியில் 2014இல் நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்தி, மார்ஃபின், ஃபென்டனில், மெதடோன் உள்ளிட்ட ஆறு மருந்துகளை அத்தியாவசிய வலி மருந்துகளாக வகைப்படுத்தி, நாடு முழுவதற்கும் ஒரே விதியைக் கொண்டுவந்தது. அதற்காகத் தொடர்ந்து வாதாடியவர்களில் ராஜகோபால் முன்நின்றவர். 2003இல் திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியா அமைப்பை நிறுவியதும், 2018இல் பத்மஸ்ரீ விருது பெற்றதும் அவர் வரலாற்றின் அடுத்த பகுதிகள்.

மீண்டும் கோழிக்கோட்டுக்கு வருகிறேன். அறை நிரம்பியது, உலக சுகாதார நிறுவனமும் 1990களின் நடுப்பகுதியில் அதை ஒரு மாதிரித் திட்டமாக ஏற்றது. ஆனால் உள்ளே இருந்தவர்களுக்கு ஒரு குறை உறுத்தியது. வலி மிகவும் முற்றிய நோயாளியால் பேருந்து ஏறி வர முடியாது. அவருக்குப் பதிலாக மகனோ அண்ணனோ வந்து மருந்து வாங்கிப் போவார். படுக்கைப் புண்ணில் புழு வைத்திருப்பதை மருத்துவர் பார்க்கவே மாட்டார். ஒரு நாள் கூலியும் போக்குவரத்துச் செலவும் இல்லாத வீட்டிலிருந்து யாருமே வர மாட்டார்கள். இதற்கு விடையாக வீட்டுப் பராமரிப்பு தொடங்கியது. ஒரு வண்டி, ஒரு மருத்துவர் அல்லது செவிலியர், கூடவே தன்னார்வலர்கள். மஞ்சேரி போன்ற மற்ற ஊர்களிலும் கிளை மருத்துவ நிலையங்கள் எழுந்தன. அப்போதும் தேவைப்பட்டவர்களில் சிறு பகுதியினரையே எட்ட முடிந்தது. மருத்துவர்களை மையமாக வைத்த எந்த முறையும் இதற்குமேல் விரியாது என்ற முடிவுக்கு சுரேஷ்குமாரும் அவரோடு இருந்தவர்களும் வந்தது இந்தக் கட்டத்தில்தான்.

1990களின் இறுதியிலிருந்து, மலப்புறம் மாவட்டத்தை முக்கியக் களமாகக் கொண்டு அவர்கள் தொடங்கிய முறை அக்கம்பக்க நோய் ஆதரவு வலையமைப்பு என்று அழைக்கப்படுகிறது. வாரத்தில் இரண்டு மணி நேரமாவது தன் பகுதி நோயாளிகளுக்காக ஒதுக்கக்கூடிய எவரும் சேரலாம். 16 மணி நேர வகுப்பும், அனுபவமுள்ளவர்களோடு நான்கு முறை வீடுகளுக்குச் செல்லும் நேரடிப் பயிற்சியும் தருவார்கள். பத்து, பதினைந்து பேர் பயிற்சி முடித்ததும் அவர்களே தம் ஊரில் ஒரு குழுவை அமைப்பார்கள். எந்த வீட்டில் யார் படுக்கையில் இருக்கிறார் என்று தேடிக் கண்டுபிடிப்பது, பேச்சுத் துணையாக இருப்பது, குளிப்பாட்டவும் புரட்டிப் படுக்கவைக்கவும் குடும்பத்துக்குக் கற்றுக்கொடுப்பது, அரிசி இல்லாத வீட்டுக்கு அரிசியும், படிப்பு நின்றுபோகும் பிள்ளைக்குப் புத்தகமும் ஏற்பாடு செய்வது ஆகியவை அவர்கள் வேலை. செவிலியரையும் மருத்துவரையும் குழுவே ஊதியம் கொடுத்து வைத்துக்கொள்ளும். இதிலுள்ள மாற்றத்தைக் கவனியுங்கள். முன்பு மருத்துவருக்குத் தன்னார்வலர்கள் உதவினார்கள். இப்போது ஊர்க்குழுவுக்கு மருத்துவர் வேலை செய்கிறார். என்னைப் போன்ற மருத்துவர்களுக்கு இது முதலில் எளிதாகச் செரிக்கவில்லை. பயிற்சிக் காலத்தில் ஒரு வீட்டில் நான் மருந்தின் அளவைப் பற்றி யோசித்துக்கொண்டு நின்றபோது, உடன் வந்த மளிகைக் கடைக்காரர் நோயாளியின் தாயாரைத் தனியே அழைத்துச் சென்று, அவர் பெயரில் இருந்த கடனைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த நோயாளியின் உறக்கமின்மைக்குப் பாதிக் காரணம் அந்தக் கடன்தான் என்று பிறகு தெரிந்தது.

பணம் வந்த வழியும் இதே போக்கில்தான் இருந்தது. ஒரு செல்வந்தரின் பெரிய நன்கொடையைவிடப் பலரின் சிறு தொகைகளையே இந்தக் குழுக்கள் நாடின. கடைகளில் உண்டியல்கள், பள்ளி மாணவர்களின் வசூல், தொழிலாளர்கள் மாதந்தோறும் தரும் சிறு தொகை, பள்ளிவாசல், தேவாலயம், கோயில் வட்டாரங்களில் திரட்டுவது, ஜனவரி 15ஆம் நாள் கேரளம் முழுவதும் கடைப்பிடிக்கப்படும் பாலியேட்டிவ் நாளின் வசூல் என்று அவை பலவகை. செலவின் மிகப் பெரிய பகுதி உள்ளூரிலேயே திரண்டது. இதில் பணத்தைவிட முக்கியமான பயன் ஒன்று உண்டு. உண்டியலில் காசு போட்டவர், தன் தெருவில் ஒருவர் படுத்துவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று அறிந்திருப்பார். சில ஆண்டுகளுக்குள் அறுபதுக்கும் மேற்பட்ட குழுக்கள், 1.2 கோடிக்கும் மேலான மக்கள் வாழும் பகுதியில் இயங்கின.

கட்டடம் இந்த வரிசையில் பின்னால்தான் வருகிறது. பயிற்சிக்கும் ஆய்வுக்குமாக நோய் ஆதரவு மருத்துவ நிறுவனம் கோழிக்கோட்டில் 2003இல் அமைந்தது. வலி கட்டுக்கு அடங்காதவர்கள் சில நாட்கள் தங்கி, மருந்தைச் சரிசெய்துகொண்டு வீடு திரும்ப அங்கே படுக்கைப் பிரிவும் உண்டு. 2010இல் உலக சுகாதார நிறுவனம் அதைச் சமூகப் பங்கேற்புக்கான தன் கூட்டு மையமாக ஏற்றது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 2008இல், கேரள அரசு நோய் ஆதரவுச் சிகிச்சைக்கென்று தனிக் கொள்கையை அறிவித்தது. இந்தியாவில் அப்படி ஒரு கொள்கையை முதலில் வெளியிட்ட மாநிலம் அதுவே. அதன் வழியாக ஊராட்சிகள் செவிலியரை அமர்த்தி வீட்டுப் பராமரிப்பை நடத்தத் தொடங்கின. ஒற்றை அறையில் தொடங்கியது ஊராட்சி வரவுசெலவில் ஒரு தலைப்பாகி நின்றது.

இதுவரை எழுதியவை பதிவில் உள்ளவை. இனி எழுதப்போவதில் என் ஊகமும் கலந்திருக்கிறது, அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். இந்திய மக்கள்தொகையில் 3 விழுக்காடு கொண்ட கேரளத்தில்தான் நாட்டின் நோய் ஆதரவுச் சேவைகளில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கின்றன என்ற கூற்றை நீங்கள் படித்திருப்பீர்கள். பிரிட்டனின் எகானமிஸ்ட் குழுமம் 2010இல் வெளியிட்ட அறிக்கையின் வழியாக அது பரவியது. அது சேவைகள் எத்தனை இருக்கின்றன என்பதைப் பற்றிய கணக்கு. எத்தனை பேருக்கு உண்மையில் வலி அடங்கியது என்பதை அது அளக்கவில்லை. பழைய அந்தக் கணக்கை இன்றைய நிலையாக மேற்கோள் காட்டுவதும் சரியல்ல.

கேரளத்தில் மட்டும் இது ஏன் வேர்பிடித்தது என்ற கேள்விக்குப் பல விடைகள் சொல்லப்படுகின்றன. 1991 ஏப்ரலில் கேரளம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது கோழிக்கோட்டு மானாஞ்சிறை மைதானத்தில்தான். அந்த இயக்கத்தில் வீடு வீடாகச் சென்று பழகிய ஒரு தலைமுறை அங்கே இருந்தது. நூலகங்களும் வாசிப்பு மன்றங்களும் ஊர்தோறும் இருந்தன. 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தால் ஊராட்சிகளுக்குப் பணமும் அதிகாரமும் கிடைத்தன. மலப்புறத்தில் வளைகுடா வருமானமும், இஸ்லாமியர் தரும் கட்டாயக் கொடையான ஜகாத் கொடுக்கும் வழக்கமும் உண்டு. இவற்றில் எது எவ்வளவு காரணம் என்று பிரித்து நிறுவிய ஆய்வை நான் நம்பிக்கையோடு சுட்டிக்காட்ட முடியாது. கேரளத்துக்கு வெளியே இது நடக்காது என்று சொல்பவர்கள் இந்தச் சூழலைக் காரணம் காட்டுகிறார்கள். எனக்கு அதில் பாதி உடன்பாடு. ஊராட்சியின் பங்கேற்பை அப்படியே எதிர்பார்க்க முடியாது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்க்கப் போகும் மனம் எல்லை தாண்டியதும் இல்லாமல் போய்விடும் என்பதை நான் ஏற்கவில்லை. சாவு வீட்டுக்கு ஊரே திரளும் நம் பக்கத்தில், சாவதற்கு ஆறு மாதம் முன்பே அந்தத் திரளில் நான்கு பேரையாவது வரவழைக்க முடியும் என்பதை என் பகுதியிலேயே பார்த்திருக்கிறேன்.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். குழுவுக்குக் குழு தரம் மாறுபடுகிறது. சிறந்த குழு உள்ள ஊரில் நோயாளிக்கு எல்லாமே கிடைக்கும், அடுத்த ஊரில் மாதம் ஒருமுறை சிறுநீர்க் குழாய் மாற்றுவதோடு நின்றுவிடும். புற்றுநோய்க்காகத் தொடங்கியது, பக்கவாதம், முதுமை, தண்டுவடக் காயம் என்று விரிந்தபோது எண்ணிக்கை பெருகியது. நீண்டகாலப் படுக்கை நோயாளிகளின் பராமரிப்பில் கவனம் குவிந்ததால், கடும் வலிக்கான கூர்மையான மருத்துவம் சில இடங்களில் பின்தங்கியதாக இத்துறை மருத்துவர்கள் சிலர் விமர்சிக்கிறார்கள். ஊராட்சிச் செவிலியரால் மார்ஃபின் எழுத முடியாது, அதற்குப் பயிற்சி பெற்ற மருத்துவர் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இந்த விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். மறுபக்கத்தில், பல ஆண்டுகள் படுத்துக் கிடப்பவரைப் புற்றுநோய் இல்லை என்பதற்காகக் கதவுக்கு வெளியே நிறுத்துவது எந்த நியாயத்திலும் அடங்காது. வீட்டுப் பராமரிப்பின் பளு பெரும்பாலும் பெண்கள் தோளில் விழுகிறது என்பதையும், வீடே இல்லாதவர்களுக்கும் பார்த்துக்கொள்ள யாருமற்ற முதியவர்களுக்கும் இந்த முறை மட்டும் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர்களுக்கு இல்லம் தேவைதான்.

இனி உங்கள் நிலத்துக்கு வருகிறேன். அதை விற்கவும் வேண்டாம், அதில் இப்போது கட்டவும் வேண்டாம் என்பதே என் யோசனை. பத்துப் படுக்கை கொண்ட இல்லம் என்றாலும் இரவு பகலாகச் செவிலியர், சமையல், துப்புரவு, மருந்து, மின்சாரம் என்று ஆண்டு முழுவதும் செலவு நிற்காது. நன்கொடையாளர்கள் கல்வெட்டில் பெயர் வரும் கட்டடத்துக்கு ஒருமுறை கொடுப்பார்கள், செவிலியரின் எட்டாம் மாதச் சம்பளத்துக்குக் கொடுக்க ஆள் கிடைப்பது கடினம். கட்டி முடித்து, நடத்த முடியாமல் பூட்டிக் கிடக்கும் இல்லங்களை நான் கண்டிருக்கிறேன்.

அதற்குப் பதிலாக, உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையில் நோய் ஆதரவுப் பிரிவு இயங்குகிறதா, அங்கே வாய்வழி மார்ஃபின் தொடர்ந்து இருப்பில் இருக்கிறதா என்று முதலில் நேரில் போய்க் கேளுங்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் நோய் ஆதரவுச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வட்டார அளவில் இருக்கிறார்கள். அவர்களைச் சந்தித்து, எந்த வீடுகளுக்கு அவர்களால் அடிக்கடி செல்ல முடிவதில்லை என்று கேட்டறியுங்கள். உங்கள் குழுவின் வேலை அந்த வீடுகளிலிருந்தே தொடங்கலாம். அரசு மருத்துவமனையில் மார்ஃபின் இல்லையென்றால், உங்கள் பகுதியில் விருப்பமுள்ள ஒரு மருத்துவரைப் பயிற்சிக்கு அனுப்புவதற்கு அறக்கட்டளையின் முதல் பணத்தைச் செலவிடுங்கள். திருத்தப்பட்ட விதிகளின்படி, பயிற்சி பெற்ற மருத்துவர் உள்ள நிறுவனம் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் அங்கீகாரம் பெற்று மார்ஃபினை வாங்கி வைக்கலாம். பல துறைகளிடம் தனித்தனி உரிமம் வாங்கிய பழைய காலம் முடிந்துவிட்டது. ஆனால் பல மருத்துவமனை நிர்வாகங்களின் அச்சம் இன்னும் முடியவில்லை, ஆகவே விதியின் நகலைக் கையிலேயே எடுத்துச் செல்வது நல்லது.

பத்துப் பேர் கொண்ட குழுவும், வாரம் இரண்டு நாள் ஓடும் ஒரு வாடகை வண்டியும், பகுதிநேரச் செவிலியர் ஒருவரும் இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் ஏடு வைத்து, வலி எவ்வளவு, மருந்து என்ன, வீட்டில் யார் கவனிக்கிறார், அவருக்கு உறக்கம் உண்டா என்று ஒவ்வொரு முறையும் எழுதி வையுங்கள். ஓராண்டு கழித்து அந்த ஏடுகளைப் புரட்டினால், தங்க இடமின்றித் தவித்தவர்கள் உங்கள் பகுதியில் எத்தனை பேர் என்பது தெரியும். இரண்டு படுக்கை போதுமா, எட்டு வேண்டுமா, அல்லது மருத்துவமனையிலேயே ஓர் அறை கேட்டுப் பெறலாமா என்பதை அப்போது முடிவு செய்யுங்கள். ஏடு எழுதும் முறையிலோ, பயிற்சிக்கு விண்ணப்பிப்பதிலோ ஐயம் இருந்தால் இங்கேயே கேளுங்கள், எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதுகிறேன்.